தேரும் பந்தலும்

பறம்பு மலைத் தலைவன் பாரி முல்லைக்கொடிக்குத் தேரைக் கொடுத்த கதையைச் சொன்னதும், வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பக்கத்தில் ஒரு கொம்பை வெட்டி நட்டிருந்தால் போதாதா? ஆசிரியர்கள் பெரும்பாலும் சிரித்துவிட்டு, அதுதான் வள்ளல்தன்மை என்று சொல்லி அடுத்த வள்ளலுக்குப் போய்விடுவார்கள். சிறுபாணாற்றுப்படை ஏழு வள்ளல்களை வரிசையாகச் சொல்லிச் செல்வதால் ஆசிரியருக்கும் அது வசதி. ஆனால் கேள்வி நியாயமானது. பந்தல் போடுவதற்குத் தேர் தேவையில்லை. தேரைச் செய்த தச்சனின் உழைப்பும், அதன் விலையும், அரசன் நடந்தே ஊர் திரும்பிய களைப்பும் கொடிக்குத் தெரியப்போவதில்லை.

நம் பழந்தமிழில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: கொடைமடம். மயிலுக்குப் போர்வை தந்த பேகனைப் பரணர் பாடும்போது எடுத்தாண்ட சொல் அது. பெறுகிறவருக்கு அது பயன்படுமா என்று எண்ணிப் பாராமல் கொடுக்கிற அறியாமை. அதையே பெருமையாகவும் கொண்டாடினார்கள். இன்றைய கணக்கு வேறு. இன்று ஒரு பாரி இருந்தால், அவனுடைய ஆலோசகர்கள் தேரை ஏலத்துக்கு அனுப்பி, வந்த பணத்தில் மலை முழுக்க மூங்கில் பந்தல் போட்டு, மீதியை நிரந்தர வைப்பில் போடச் சொல்லியிருப்பார்கள். அந்த ஆலோசனையில் தவறென்ன இருக்கிறது என்று எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. கடந்த ஓராண்டாக இந்தக் கேள்வியோடு நடமாடிக்கொண்டிருந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

காரணம் ஒரு வண்டி. கோயம்புத்தூரில் என் பெரியப்பா வைத்திருந்த 1937ஆம் ஆண்டு மோரிஸ் எட்டு. 918 சிசி எஞ்சின், நான்கு சிலிண்டர், அந்தக் காலத்துச் சிறு வண்டிகளில் எல்லாவற்றிலும் இல்லாத ஹைட்ராலிக் பிரேக். பஞ்சாலையில் பொறியாளராக இருந்த பெரியப்பா மணம் செய்துகொள்ளவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த வண்டியை ஓடுகிற நிலையிலேயே வைத்திருந்தார். அவர் காலமானபின் கிடைத்த உயிலில் வீடு, வைப்புத்தொகை, புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் தெளிவான ஏற்பாடு இருந்தது. வண்டிக்கு மட்டும் ஒரே வரி: ‘வண்டியை ஓடுகிற நிலையில் ஒரு நல்ல காரியத்துக்குக் கொடுத்துவிடவும்.’ நிறைவேற்றுபவர் என்று என் பெயரை எழுதியிருந்தார்.

எந்த நல்ல காரியம்? வண்டியைக் கொடுப்பதா, வண்டியின் விலையைக் கொடுப்பதா? ஒரு வரியில் எத்தனை கேள்விகள் ஒளிந்திருக்கின்றன என்பது அதை நிறைவேற்ற உட்காரும்போதுதான் தெரிகிறது. வழக்கம்போல, கைக்காரியத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு, இதற்கு முன் இப்படிக் கொடுத்தவர்கள் என்ன செய்தார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன்.

*

முதலில் நம் நாட்டில் நடந்தது. 1964 டிசம்பரில் நற்கருணை மாநாட்டுக்காகப் போப் ஆறாம் பவுல் பம்பாய் வந்தார். அவருடைய பயணத்துக்கென்று வெள்ளை நிற லிங்கன் கான்டினென்டல் கார் ஒன்று அளிக்கப்பட்டிருந்தது. திரும்பிப் போகும்போது அதை அவர் அன்னை தெரசாவிடம் கொடுத்துவிட்டார். அன்றைய இந்தியாவில் அப்படியொரு காரைச் சாலையில் பார்ப்பதே அரிது. கல்கத்தாவின் சந்துகளில் தொழுநோயாளிகளைத் தேடிப் போகிறவருக்கு அந்தக் காரால் என்ன பயன்? தேர் கிடைத்த முல்லையின் நிலைதான்.

ஆனால் இந்த முல்லைக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. அன்னை தெரசா அதில் ஒருமுறை ஏறிக்கூடப் பார்க்கவில்லை என்பார்கள். அதைப் பரிசாக வைத்துக் குலுக்கல் சீட்டு விற்றார். அந்தப் பணம் அசன்சோலுக்கு அருகே தொழுநோயாளிகளுக்கென்று எழுந்த சாந்தி நகர் குடியிருப்புக்குப் போயிற்று. இங்கே கவனிக்க வேண்டியது, அவர் ஏலம் விடவில்லை என்பது. ஏலம் ஒரு பொருளுக்கு மிக அதிகம் தரக்கூடிய ஒரே ஒருவரைத் தேடுகிறது. குலுக்கல், கொஞ்சம் தரக்கூடிய பல்லாயிரம் பேரைத் தேடுகிறது. காரை வென்றவர் ஒருவர். காருக்கு ஆசைப்பட்டுச் சீட்டு வாங்கித் தோற்ற அத்தனை பேரும், தாங்கள் அறிந்தோ அறியாமலோ கொடையாளர் ஆனார்கள்.

இந்த நாட்டில் இதற்கும் முன்னோடி உண்டு. 1933-34இல் ஹரிஜன நிதிக்காகக் காந்தி சுற்றுப்பயணம் செய்தபோது, தமக்களிக்கப்பட்ட வரவேற்பு மடல்களையும் வெள்ளிப் பேழைகளையும் அதே மேடையில் ஏலம் விட்டார். அன்பளிப்பை அளித்தவர் கண்ணெதிரே விற்பது நாகரிகமா என்று அவரிடம் யாராவது கேட்டிருந்தால், வைத்துக்கொள்வதுதான் நாகரிகமா என்று திருப்பிக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். 2017 நவம்பரில் தமக்கு அளிக்கப்பட்ட லம்போர்கினி காரில் கையொப்பம் மட்டும் இட்டு ஏலத்துக்கு அனுப்பிய போப் பிரான்சிஸும் இதே வழியில் வந்தவர்தாம். மறு ஆண்டு மே மாதம் மொனாக்கோவில் அது 7,15,000 யூரோவுக்குப் போயிற்று. ஈராக்கின் நினிவே சமவெளியில் இடிக்கப்பட்ட வீடுகளை மீண்டும் கட்டுவது அந்தப் பணத்தின் நோக்கங்களில் ஒன்று.

ஆனால் இவர்கள் எல்லோரும், தாங்கள் ஆசைப்படாத ஒன்றைக் கொடுத்தவர்கள். கையில் வந்ததும் கைமாற்றினார்கள். பெரியப்பாவின் வழக்கு அப்படியல்ல. அவர் அந்த வண்டியை நேசித்தார். நேசித்த பொருளைக் கொடுத்தவர்களின் கதை வேறு திசையில் இருக்கிறது.

*

அமெரிக்காவின் வட கரோலினாவில் லெக்சிங்டன் என்ற சிறு நகரில் எடி ஸ்மித் என்றொருவர் இருந்தார். இளம் வயதில் பெற்றோரை இழந்து அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். பிற்காலத்தில் அஞ்சல்வழியில் துணிமணிகள் விற்கும் நிறுவனம் ஒன்றை அதே நகரில் தொடங்கிச் செல்வந்தரானார். அமெரிக்காவில் ஃபெராரி கார்களை இறக்குமதி செய்துவந்த லூயிஜி கினெட்டி, தம் வாடிக்கையாளர்களுக்காகத் திறந்த கூரையுடன் 275 ஜிடிபி/4 காரைச் செய்துதரும்படி ஃபெராரியைக் கேட்டு வாங்கினார். தம் பந்தய அணியின் பெயரால் ‘நார்ட் ஸ்பைடர்’ என்று அழைக்கப்பட்ட அந்தக் காரை இருபத்தைந்து வரை செய்விப்பதாக எண்ணம். விற்பனை மந்தமாக இருந்ததால் பத்தோடு நின்றுபோயிற்று. அந்தப் பத்தில் ஒன்றை ஸ்மித் வாங்கினார். 1968இல் இத்தாலிக்கே போய்ப் பெற்றுக்கொண்டார். அன்று யாரும் அதை முதலீடு என்று நினைக்கவில்லை. விற்காமல் தேங்கிய சரக்கு அது.

2007இல் அவர் இறக்கும்வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், கார் அவரிடமே இருந்தது. 2013 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் மான்டரேயில் குடும்பத்தார் அதை ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஏலக்கட்டணத்தையும் சேர்த்து 2 கோடியே 75 லட்சம் டாலருக்குப் போயிற்று. அந்தத் தொகையை அறப்பணிகளுக்கென்று முன்பே அறிவித்துவிட்டார்கள். அநாதை இல்லத்துச் சிறுவன் நாற்பது ஆண்டுகள் ஓட்டி மகிழ்ந்த கார், அவன் போனபின் அவனைப் போன்றவர்களுக்கும் உதவட்டும் என்று பிள்ளைகள் நினைத்ததில் ஒரு நிறைவு இருக்கிறது.

இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் வாழ்ந்த ரிச்சர்ட் கோல்டனின் கதை என்னை இன்னும் பாதித்தது. அவரிடம் இரண்டு ஃபெராரிகள் இருந்தன. ஒன்று 1960ஆம் ஆண்டின் 250 ஜிடி எஸ்டபிள்யூபி. ஏறத்தாழ 165 மட்டுமே செய்யப்பட்ட கார். 1960, 1961 என அடுத்தடுத்த ஆண்டுகளில் குட்வுட் பந்தயத்தில் ஸ்டிர்லிங் மாஸ் வென்றது இந்த வகைக் காரில்தான். மற்றொன்று 1967ஆம் ஆண்டின் 275 ஜிடிபி/4. 2015இல் காலமானபோது இரண்டையும் ஆர்என்எல்ஐ என்று சுருக்கமாக அழைக்கப்படும் கடல்மீட்பு அறநிறுவனத்துக்கு எழுதிவைத்திருந்தார். அந்த ஆண்டு அக்டோபரில் டக்ஸ்ஃபோர்டு போர் அருங்காட்சியகத்தில் ஏலம் நடந்தது. முதல் கார் 66 லட்சம் பவுண்டு. இரண்டாவது 19 லட்சத்து 30 ஆயிரம் பவுண்டு.

நார்தாம்ப்டன்ஷயருக்குக் கடற்கரையே கிடையாது. இங்கிலாந்தின் நட்ட நடுவே இருக்கிறது. அங்கே இருந்துகொண்டு ஒருவர் கடலில் தத்தளிப்பவர்களை நினைத்திருக்கிறார்.

அந்த நிறுவனத்தைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். 1824இல் வில்லியம் ஹில்லரி என்பவரின் முயற்சியால் லண்டனில் தொடங்கப்பட்டது. இருநூறு ஆண்டுகளில் 1,40,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. படகில் போகிறவர்களில் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள்: கடைக்காரர், ஆசிரியர், தச்சர். இடுப்பில் ஒரு சிறு கருவி கத்தினால் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். பத்தில் ஆறு மீட்புப் பயணங்கள், இறந்துபோனவர்கள் உயிலில் எழுதிவைத்த கொடைகளால் நடக்கின்றன என்று அந்நிறுவனம் சொல்கிறது.

கோல்டனின் பணத்தில் உருவான ஷானன் வகைப் படகு ஒன்று 2018 இறுதியில் தென்கடற்கரையின் ஹேஸ்டிங்ஸ் ஊருக்கு வந்துசேர்ந்தது. என் மகள் அந்த நாட்டில் படித்துக்கொண்டிருந்த 2019இல் ஒருநாள் அங்கே போனேன். அப்போது எனக்குக் கோல்டனைப் பற்றி எதுவும் தெரியாது. கூழாங்கல் கடற்கரை, துறைமுகம் இல்லாததால் மீன்படகுகளைக் கரையிலேயே இழுத்துப் போட்டிருந்தார்கள். கறுப்புத் தார் பூசிய, ஒல்லியாக உயர்ந்த மரக்கொட்டகைகள் வரிசையாக நின்றன. வலைகளை நனையாமல் பாதுகாத்து வைக்க அந்தக் காலத்தில் கட்டியவையாம். அருகே மீட்புப் படகின் கொட்டகை. ஆரஞ்சும் நீலமும் பூசிய படகு டிராக்டரோடு பூட்டிய வண்டிமேல் உட்கார்ந்திருந்தது. அதற்குச் சுழலும் விசிறிகள் கிடையாது. தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் இரண்டு ஜெட்கள்தாம். அதனால் ஆழமில்லாத இடத்திலும் போகும். 25 நாட் வேகம். அலை புரட்டிப் போட்டாலும் தானே நிமிர்ந்துகொள்ளும். ‘ரிச்சர்ட் அண்ட் கரோலின் கோல்டன்’ என்பது அதன் பெயர். மனைவியின் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். நான் வேடிக்கை பார்த்துவிட்டு, வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கித் தின்றுவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு செய்திகளில் அந்தக் கடற்கரையின் பெயர் அடிக்கடி வரத் தொடங்கியது. பிரான்ஸிலிருந்து காற்றடைத்த ரப்பர் படகுகளில் கால்வாயைக் கடந்து வருகிறவர்களை மீட்புப் படகுகள் கரைசேர்த்தன. அவர்களை ஏன் காப்பாற்றுகிறீர்கள் என்று 2021இல் அந்நிறுவனத்தின்மீது கடும் விமர்சனம் எழுந்தது. கடலில் ஆபத்தில் இருப்பவர் யார், எங்கிருந்து வந்தார் என்று நாங்கள் கேட்பதில்லை என்பதே அவர்களுடைய நிலை. விமர்சனத்துக்குப் பின் நன்கொடைகள் பெருகின என்பது அந்நாட்டு மக்களைப் பற்றி ஒரு நல்ல செய்தி.

நான் யோசிப்பது இதுதான். கண்ணாடிபோல் துடைத்துவைத்த ஒரு செந்நிறக் காருக்குள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்க முடியும்? இரண்டு பேர். அழைக்கப்பட்டவர்கள் மட்டும். அதுவே படகாக மாறியபின் அதில் ஏறுகிறவர் யாரென்று கொடுத்தவருக்குத் தெரியாது. அவருக்குப் பிடிக்காதவராகவும் இருக்கலாம். கொடை என்றால் பெறுபவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்துவிடுவது என்று தோன்றுகிறது. பாரி முல்லையைத் தேர்ந்தெடுத்தான். கோல்டன் கடலைத் தேர்ந்தெடுத்தார். கடல் யாரைக் கொண்டுவந்து தருகிறதோ அவர்கள்.

*

நிற்க. இந்தக் கொடைகளுக்குப் பின்னால் வரிக்கணக்கு இல்லையா என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். இருக்கிறது; மறைப்பதற்கில்லை. பிரிட்டனில் வரம்புக்கு மேற்பட்ட சொத்துக்கு 40% மரபுரிமை வரி; அறநிறுவனத்துக்கு எழுதிவைத்ததற்கு அது கிடையாது. அமெரிக்காவில் சேகரிப்புப் பொருளை விற்று வரும் ஆதாயத்துக்கு 28% வரை வரி. பொருளையே அறநிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டால் அந்த ஆதாயத்துக்கு வரி எழாது. ஒரு காலத்தில் அங்கே ஓடாத பழைய காரைக் கொடுத்துவிட்டு, புத்தகத்தில் போட்டிருக்கும் முழு மதிப்பையும் வருமானத்தில் கழித்துக்கொள்ளும் வழக்கம் பரவியது. இடைத்தரகர் எடுத்தது போக அறநிறுவனத்துக்கு எஞ்சியது சொற்பம். 2004இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அறநிறுவனம் காரை விற்றுவிட்டால், அது விற்ற தொகைக்குமேல் கழிக்க முடியாது என்பது 2005 முதல் பொதுவிதி.

இந்தியாவில் இந்தச் சபலமே இல்லை. அறக்கொடைக்கான வரிக்கழிவு பணமாகக் கொடுத்தால்தான். பொருளாகக் கொடுத்தால் கிடையாது. சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருந்த காரை விற்றால் மூலதன ஆதாய வரியும் இல்லை. ஆகவே எங்கள் வண்டியை எப்படிக் கொடுத்தாலும் வரி எங்களை எந்தப் பக்கமும் தள்ளவில்லை. நாங்களேதான் முடிவெடுக்க வேண்டும்.

2022 மே மாதம் நடந்த இன்னொரு விற்பனையையும் சொல்லிவிடுகிறேன். மெர்சிடிஸ் நிறுவனம் 1955இல் செய்த 300 எஸ்எல்ஆர் ஊலன்ஹவுட் கூபே கார்கள் உலகில் இரண்டே இரண்டு. அந்த ஆண்டு ஜூனில் லு மான் பந்தயத்தில் அதே குடும்பத்தைச் சேர்ந்த திறந்த கார் ஒன்று பார்வையாளர்களிடையே பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆண்டு முடிவில் நிறுவனம் பந்தயங்களிலிருந்து விலகியது. பந்தயத்துக்கென்று செய்த கூபே ஒருநாளும் பந்தயம் ஓடவில்லை. அதை வடிவமைத்த ருடால்ஃப் ஊலன்ஹவுட் அலுவலக வண்டியாக ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டில் ஒன்றை நிறுவனம் ஷ்டுட்கார்ட்டில் உள்ள தன் அருங்காட்சியகத்தில் ஏலம் விட்டது. 13 கோடியே 50 லட்சம் யூரோ. அதற்குமுன் எந்தக் காரும் ஏலத்தில் அந்த விலையைத் தொட்டதில்லை. அந்தப் பணத்தைச் சுற்றுச்சூழல் சார்ந்த கல்விக்கும் ஆய்வுக்கும் உதவித்தொகை நிதியாக வைத்தார்கள். பெட்ரோலைக் குடிக்கும் பந்தயக் கார் கரியமிலவாயுவைக் குறைக்கும் படிப்புக்குப் பணம் தருகிறது.

இதில் முரண் இருக்கிறது, இன்னொன்றும் இருக்கிறது. இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று இன்னும் அவர்களிடமே இருக்கிறது. கொடுத்தவருக்கு உறுத்தாத கொடை அது. பயன் பெரியதுதான், ஒரு மாணவனுக்குக் கிடைக்கும் உதவித்தொகையில் அந்த உறுத்தலின்மை தெரியப்போவதும் இல்லை. ஆனாலும் பாரி நடந்து திரும்பினான் என்பதை நம்மால் ஏன் மறக்க முடியவில்லை?

இவற்றையெல்லாம் படித்தபின் எனக்குத் தோன்றியது, கொடைமடம் ஒழிந்துபோகவில்லை, இடம் மாறியிருக்கிறது என்பது. மூன்று லிட்டர் எஞ்சின் கொண்ட ஐம்பத்தைந்து வயது காருக்கு 66 லட்சம் பவுண்டு கொடுப்பது எந்தக் கணக்கில் சேர்த்தி? வாங்குகிறவரிடம் இருக்கிறது மடமை. கொடுப்பவர் அந்த மடமையைப் பயன்படுத்திப் படகு செய்கிறார். பழைய பாட்டில் ஒரே ஆளிடம் இருந்த இரண்டும், பித்தும் பயனும், ஏலக்கூடத்தில் இரண்டு பேராகப் பிரிந்து நிற்கின்றன. ஒருவர் கை உயர்த்துகிறார். மற்றவர் சுவரில் தொங்கும் படத்திலிருந்து பார்க்கிறார். வள்ளுவர் ஒப்புரவுக்கு ஓர் அதிகாரமும் ஈகைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியாக வைத்ததை நினைத்துக்கொண்டேன். ஊருக்குப் பயன்படுதல் வேறு, கை நெகிழ்தல் வேறு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

*

எங்கள் குடும்பத்தில் கருத்துகள் மூன்றாகப் பிரிந்தன. அத்தை மகன் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம் என்றான். கோவையில் 2015 முதல் கார்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. என் தம்பி பாலிடெக்னிக் ஒன்றுக்குக் கொடுத்தால் மாணவர்கள் எஞ்சினைக் கழற்றிப் பூட்டிப் பழகுவார்கள் என்றான். அத்தைக்கு எண்பத்து நான்கு வயது. பெரியப்பாவின் ஒரே தங்கை. அவர் சொன்னது ஒன்றுதான்: “வித்துப்போட்டு அந்த ரத்தம் சுத்தம் பண்ற எடத்துக்குக் குடுத்துருங்கடா.”

கடைசி இரண்டு ஆண்டுகள் பெரியப்பா வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொண்டார். வசதி இருந்தும் வீட்டுக்கு அருகிலிருந்த அறக்கட்டளை மையம் ஒன்றுக்கே போனார். பக்கத்துப் படுக்கையில் ஒரு விசைத்தறித் தொழிலாளி. நான்கு மணிநேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பதால் இருவரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். பெரும்பாலும் எஞ்சின்களைப் பற்றியும் தறிகளைப் பற்றியும். ஒருமுறை ரத்தத்தைச் சுத்திகரிக்க ஏறத்தாழ 120 லிட்டர் தூய்மையாக்கிய தண்ணீர் வேண்டும் என்று பெரியப்பாதான் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். நிமிடத்துக்கு அரை லிட்டர், 240 நிமிடம். “என் ரேடியேட்டர்ல பத்து வருஷம் ஊத்தற தண்ணிடா இது” என்று சிரித்தார். அந்தத் தொழிலாளிக்கு ஒருநாள் முறை தள்ளிப்போயிற்று, இயந்திரம் பழுது என்று. அடுத்த முறை அவர் முகம் வீங்கி, மூச்சு வாங்க வந்ததைப் பெரியப்பா வீட்டில் எல்லோரிடமும் சொன்னார். அதற்குப் பிறகு எழுதிய உயில்தான் அது என்று தேதியைப் பார்த்தபோது தெரிந்தது.

ஆகவே அத்தை சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் உயிலில் ‘ஓடுகிற நிலையில்’ என்ற சொற்களும் இருந்தன. அதை எப்படிப் புரிந்துகொள்வது என்று கேட்க, முப்பது ஆண்டுகளாக வண்டியைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவருக்கு எழுபதுக்கு மேல் வயது. பட்டறையை மகன் நடத்துகிறான். ஆனால் மோரிஸை மட்டும் மகன் தொடக் கூடாது. நான் கேட்டதும் வெகுநேரம் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, வண்டிங்கறது நிக்கறதுக்கு இல்லீங்க. கண்ணாடிக்குள்ள வெச்சாங்கன்னா ரப்பரெல்லாம் காஞ்சு, பிரேக் சிலிண்டர் புடிச்சு, ரெண்டே வருஷத்துல பொணமாயிருமுங்க. பசங்ககிட்டக் குடுத்தா மொத நாளே நட்டு மரை போயிருமுங்க. ஓட்டறவனுக்குக் குடுங்க. காசு வாங்கிட்டே குடுங்க. சும்மா கெடச்ச வண்டிய எவனும் பாத்துக்க மாட்டான்.”

கடைசி வாக்கியத்தை நான் பல நாள் யோசித்தேன். கொடை பெறுபவருக்கு ஒரு பொருள் சுமையாகலாம் என்பதை நாம் நினைப்பதில்லை. இடம், காப்பீடு, எண்ணெய், எலி. டயாலிசிஸ் மையத்தின் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வந்திருந்தால் அவர்கள் கைகூப்பி நன்றி சொல்லிவிட்டு, பிறகு என்ன செய்வதென்று தவித்திருப்பார்கள். விற்றுக் கொடுப்பதற்கு உரிய வேலையையும் கொடுப்பவரே செய்ய வேண்டும். அந்த அலைச்சலும் கொடையில் ஒரு பகுதி.

அலைந்தேன். ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாகனங்களுக்கு 2021இல் தனிப் பதிவு விதிகள் வந்தன. ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனி எண், பத்து ஆண்டுச் செல்லுபடி, அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டக் கூடாது, கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஓட்டலாம். வாங்க வந்தவர்களில் அதிகம் தருவதாகச் சொன்னவர் ஓர் உணவு விடுதியின் முகப்பில் நிறுத்தக் கேட்டார். இரண்டாவதாக வந்தவர் பழைய வண்டிகளைத் தாமே ஓட்டுகிற ஒருவர். தொகை கணிசமாகக் குறைவு. வித்தியாசத்தைக் கொண்டு எத்தனை முறை டயாலிசிஸ் செய்யலாம் என்று தம்பி கணக்குப் போட்டுக் கையில் கொடுத்தான். அந்தத் தாளை எதிரில் வைத்துக்கொண்டு முடிவெடுப்பது எளிதாக இல்லை. ஒரு பக்கம் முகம் தெரியாத நோயாளிகள். மறுபக்கம் இறந்தவரின் இரண்டு சொற்கள்.

நான் பெரியப்பாவின் சொற்களோடு போனேன். குறைந்த தொகைக்கே, ஓட்டுகிறவருக்கே விற்றோம். குறைந்த பணத்தைக் குடும்பத்தில் நால்வரும் பங்கிட்டு ஈடுசெய்வது என்று பேசி முடித்தோம். தம்பிதான் முதலில் தன் பங்கைக் கொண்டுவந்து கொடுத்தான். வண்டியைக் கொடுத்தவர் பெரியப்பா; அது ஓடிக்கொண்டிருப்பதற்கான விலையைக் கொடுத்தவர்கள் நாங்கள். சிறு தொகைதான், ஆனால் கையிலிருந்து போனது தெரிந்தது. பாரியின் கதையில் தேரைவிட, அவன் நடந்து வந்த தூரம்தான் முக்கியமோ என்று அன்று தோன்றியது.

வண்டியை எடுத்துப்போக வந்த நாளில் மெக்கானிக் அண்ணன் வாங்குபவருக்கு ஒரு மணிநேரம் பாடம் நடத்தினார். சோக்கை எவ்வளவு இழுக்க வேண்டும், கைப்பிடியைச் சுழற்றும்போது கட்டைவிரலை எங்கே வைக்கக் கூடாது, எந்த மேட்டில் எந்த கியர். கூலி வாங்கவில்லை. நாங்கள் எல்லோரும் கொடுத்ததில் அதற்கும் ஓர் இடம் உண்டு. ஆனால் எந்த ரசீதிலும் அது ஏறாது.

மையத்தில் பணத்தைப் பெற்றுக்கொண்டவர்கள், இயந்திரத்தின்மேல் பெயர்ப்பலகை ஒட்ட வேண்டும், என்ன எழுத என்று கேட்டார்கள். அத்தையிடம் கேட்டேன். பெயர் வேண்டாம் என்றார். அந்த இயந்திரம் இப்போது நாளுக்கு மூன்று முறை ஓடுகிறது, ஞாயிறு விடுமுறை. அதில் படுத்திருப்பவருக்கு மோரிஸ் என்றால் என்னவென்று தெரிய வேண்டிய அவசியமில்லை. போன மாதம் பராமரிப்புக் கணக்கைப் பார்க்கப் போனபோது, அதில் இருந்தவர் ஒரு கல்லூரி மாணவர். காதில் எதையோ மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எண்களைக் குறித்துக்கொண்டு திரும்பினேன்.